ஏ.ஐ. ஏஜண்ட்டுக்குக் கைப்பக்குவம் சொல்லிக் கொடுக்கலாமா?

ஏ.ஐ., ஏஜண்ட், ஸ்கில் என்று புதுப்புதுச் சொற்கள் காதில் விழுந்தபடி இருக்கின்றன. இவையெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தானா, இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கிய எங்களுக்கும் பயன்படுமா? இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது. பயன்படும். அதிலும் "ஸ்கில்" என்பதற்குப் புரோகிராமிங் தெரிய வேண்டியதே இல்லை. நோட்பேடில் நாலு வரி தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். ஸ்கில் என்றால் என்ன, அதை எழுதுவது எப்படி, அடுத்தவர் எழுதியதை நம் கம்ப்யூட்டரில் நிறுவுவது எப்படி, நிறுவும் முன் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏஜண்ட் என்றால் என்ன?

சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. புரோகிராம்களிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏஜண்ட் அதற்கும் ஒரு படி மேலே போகும். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரைக் காட்டிவிட்டால், அதில் உள்ள பைல்களைத் திறந்து படிக்கும், தேவையான புரோகிராமைத் தானே எழுதும், எழுதியதை இயக்கிப் பார்க்கும், பிழை வந்தால் திருத்தும். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட், ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின் கோடெக்ஸ், கிட்ஹப் நிறுவனத்தின் கோபைலட் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. முதலில் புரோகிராமர்களுக்காகவே வந்தவை என்பதால் இவற்றைக் கோடிங் ஏஜண்ட் என்கிறார்கள். ஆனால் "இந்தப் போல்டரில் உள்ள 300 பைல்களின் பெயர்களையும் தேதி வாரியாக மாற்று" என்று சாதாரணத் தமிழில் சொன்னாலும் செய்யும். அதற்கான புரோகிராமை அது எழுதிக்கொள்ளும்; நாம் அதைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

இதில் ஒரு குறை உண்டு. ஏஜண்ட்டுக்கு ஊர் உலகம் பற்றிப் பொதுவாக நிறையத் தெரியும். உங்கள் கடை வழக்கம் தெரியாது. இன்று விளக்கமாகச் சொல்லிப் புரியவைத்ததை, நாளை புதிதாக ஓர் உரையாடலைத் தொடங்கினால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும். தினமும் ஒரே விளக்கத்தை டைப் செய்வது யாருக்குப் பிடிக்கும்? இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஸ்கில்.

ஸ்கில் என்பது ஒரு போல்டர்

ஸ்கில் என்றதும் பெரிய சாப்ட்வேர் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு சாதாரணப் போல்டர். அதற்குள் ஸ்கில்.எம்டி என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் பைல் இருக்கும். ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கும். தேவைப்பட்டால் அதே போல்டரில் சிறு புரோகிராம்கள், மாதிரிப் பைல்கள், பட்டியல்கள் ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பு. பாலும் சர்க்கரையும்தான் அடிப்படை. பொருள் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எப்போது கிளற வேண்டும், எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதுதான் கைப்பக்குவம். அது மாஸ்டரின் கையில் இருக்கிறது. ஏஜண்ட்டிடம் பாலும் சர்க்கரையும் ஏற்கெனவே உள்ளன. அதற்கு இல்லாத பக்குவத்தை எழுதிக் கொடுப்பதே ஸ்கில்.

"நூறு ஸ்கில் போட்டு வைத்தால் ஏஜண்ட் எல்லாவற்றையும் படித்துக் குழம்பாதா?" என்று கேட்கலாம். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஏஜண்ட் தொடங்கும்போது ஒவ்வொரு ஸ்கில்லின் பெயரையும், அது எதற்கு என்ற சிறு விளக்கத்தையும் மட்டும் படித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் கேட்கும் வேலை அந்த விளக்கத்தோடு பொருந்தினால் மட்டுமே முழுக் குறிப்பையும் திறக்கும். குறிப்பில் வேறொரு பட்டியலைப் பார்க்கச் சொல்லியிருந்தால், தேவைப்படும் நேரத்தில் மட்டும் அதைத் திறக்கும். லைப்ரரியில் முதலில் அட்டவணையைப் பார்த்து, பிறகு புத்தகத்தை எடுத்து, தேவையான பக்கத்தைப் புரட்டுவது போல.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் இந்த முறையை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், யார் வேண்டுமானாலும் பின்பற்றக்கூடிய பொதுத் தரமாக வெளியிட்டது. கோடெக்ஸ், கோபைலட் போன்ற மற்ற ஏஜண்ட்களும் ஏற்றுக்கொண்டன. எனவே ஒரு ஏஜண்ட்டுக்காக எழுதிய ஸ்கில்லைப் பெரும்பாலும் அப்படியே இன்னொன்றிலும் போடலாம். போல்டரை வைக்கும் இடம்தான் மாறும்.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று

இராஜபாளையத்தில் என் நண்பர் ஒருவர் டி.டி.பி. சென்டர் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வியாபாரிகளின் முகவரிப் பட்டியல் என்று இருபது ஆண்டு வேலை அவர் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. பெரும்பாலானவை பாமினி பான்ட்டில் அடித்த வேர்டு பைல்கள். இவற்றை யூனிகோடுக்கு மாற்றினால்தான் இன்றைய போனிலும் இன்டர்நெட்டிலும் பயன்படும்.

பாமினி போன்ற பழைய பான்ட்களின் தந்திரம் இதுதான்: கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, பான்ட் அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. பாமினியில் "தமிழ்" என்று அடித்த சொல்லை, அந்தப் பான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். ஒவ்வொரு பான்ட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்ற பொது முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனால் பழைய பைல்கள் பழையபடியே இருக்கின்றன.

மாற்றுவதற்கு இலவச வழிகள் உண்டு. எழில் என்ற தமிழ்ப் புரோகிராமிங் மொழியை உருவாக்கியவர்களின் முயற்சியில் வளர்ந்த ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் பாமினி, டிஸ்கி உள்ளிட்ட பல முறைகளை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. ஏஜண்ட்டிடம் சொன்னால் அதை எடுத்துப் பயன்படுத்தும். பிறகு எங்கே சிக்கல்? அதை அந்தக் கடையில் இருபது ஆண்டுகளாக டைப் செய்யும் அக்காவிடம் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் சிக்கல், கொம்பும் ளகரமும். பாமினியில் ஔகாரக் குறிக்கும் ள என்ற எழுத்துக்கும் ஒரே விசைதான். "மௌனம்" என்பதில் வரும் குறியும் "வெள்ளி" என்பதில் வரும் ளகரமும் அதற்கு ஒன்றே. கவனமில்லாத மாற்றியில் போட்டால் "வெள்ளி" என்பது "வௌ்ளி" என்றும், "வெளியீடு" என்பது "வௌியீடு" என்றும் வந்து நிற்கும். இணையத்தில் இப்படிப்பட்ட சொற்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அக்கா சொன்ன விதி எளிது: அந்த எழுத்தின் மேல் புள்ளியோ, பக்கத்தில் இகரக்குறி, கால் போன்ற வேறு குறியோ இருந்தால் அது ளகரம், எதுவும் இல்லாவிட்டால் ஔகாரம். வெள்ளி, தெளிவு, வெளிநாடு ஆகியவை முதல் வகை. மௌனம், பௌர்ணமி, கௌரி ஆகியவை இரண்டாம் வகை.

இரண்டாவது சிக்கல், பத்திரிகையின் நடுவே வரும் ஆங்கிலம். இமெயில் முகவரியும் ஆங்கிலப் பெயரும் டைம்ஸ் அல்லது ஏரியல் பான்ட்டில் இருக்கும். பைல் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் மாப்பிள்ளையின் இமெயில் முகவரி புரியாத தமிழாகிவிடும். எனவே ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பான்ட் என்று பார்த்து, பாமினியில் உள்ளதை மட்டும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது சிக்கல், பக்கத்து ஊரின் பெயரிலேயே இருக்கிறது! ஸ்ரீவில்லிபுத்தூரின் "ஸ்ரீ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். ஸகரத்தில் தொடங்கி அடிப்பது ஒரு விதம். 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கி அடிப்பது இன்னொரு விதம். திரையில் பல பான்ட்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வேறு சொற்கள். முகவரிப் பட்டியலில் இரண்டும் கலந்திருந்தால், ஊர்ப் பெயரைத் தேடும்போது பாதி வாடிக்கையாளர்கள் அகப்பட மாட்டார்கள்.

இந்த மூன்றும் ஏஜண்ட்டுக்குத் தானாகத் தோன்றிவிடும் என்று நம்பி உட்கார முடியாது. சில முறை சரியாகச் செய்யும், சில முறை விட்டுவிடும். அக்காவோ இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வேலையிலிருந்து நின்றுவிடப் போகிறார். அவர் போனால் இந்த அறிவும் கூடவே போய்விடும். அதை எழுதி வைக்க ஸ்கில் பொருத்தமான இடம்.

எழுதுவது எப்படி?

இனி நீங்களும் கூடவே செய்து பாருங்கள். கிளாட் கோட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

1. டெஸ்க்டாப்பில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். பெயர் சிறிய ஆங்கில எழுத்துகளில் இருக்கட்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் சிறு கோடு போடுங்கள். நாங்கள் வைத்த பெயர் பாமினி-யூனிகோட் (ஆங்கில எழுத்துகளில்).

2. நோட்பேடைத் திறந்து முதல் வரியில் மூன்று சிறு கோடுகள் போடுங்கள். அடுத்த வரியில் நேம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஓர் இடைவெளி விட்டுப் போல்டரின் பெயரையே எழுதுங்கள். இது 64 எழுத்துகளைத் தாண்டக் கூடாது.

3. அடுத்த வரியில் டிஸ்கிரிப்ஷன் என்று ஆங்கிலத்தில் அடித்து, அதேபோல் முக்காற்புள்ளியும் இடைவெளியும் விட்டு, இந்த ஸ்கில் என்ன செய்யும், எப்போது பயன்படுத்த வேண்டும் என்று எழுதுங்கள். 1024 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த வரியில் மறுபடியும் மூன்று சிறு கோடுகள்.

4. அதற்குக் கீழே குறிப்பை எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். 500 வரிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

எங்கள் குறிப்பின் சுருக்கம் இது:

டிஸ்கிரிப்ஷன்: பாமினி பான்ட்டில் உள்ள வேர்டு பைலை யூனிகோடாக மாற்றுகிறது. பழைய தமிழ் பைல், பாமினி, பான்ட் மாற்றம் என்று கேட்கும்போது பயன்படுத்தவும்.

மூலப் பைலைத் தொட வேண்டாம். நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யவும்.

பாமினி பான்ட்டில் உள்ள துண்டுகளை மட்டும் மாற்றவும். வேறு பான்ட்டில் உள்ளதை அப்படியே விடவும்.

கொம்புக்குப் பின் வரும் ளகரத்தில் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் அதை ளகரமாகவே வைக்கவும். இல்லாவிட்டால் ஔகாரக் குறி ஆக்கவும்.

ஸ்ரீ என்பதை எங்கும் ஸகரத்தில் தொடங்கும் முறையிலேயே எழுதவும்.

மாற்றும் முன்பும் பின்பும் போன் நம்பர்களை எண்ணி ஒப்பிடவும். வேறுபட்டால் நிறுத்திவிட்டுச் சொல்லவும்.

சந்தேகமான சொற்களை நீங்களாகத் திருத்தாமல் தனிப் பட்டியலாகக் கொடுக்கவும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பது டி.டி.பி. கடைக்காரருக்குத் தெரியும். இறுதித் தீர்ப்பு மனிதர் கையில் இருக்க வேண்டும் என்பதையும் ஸ்கில்லில் எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று. எழுத்துக்கு எழுத்து மாற்றுவது போன்ற மாறாத வேலையைக் குறிப்பில் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். அதை ஒரு சிறு பைத்தான் புரோகிராமாக ஏஜண்ட்டையே எழுதச் சொல்லி, போல்டருக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்ற உள்போல்டரில் வைத்துவிடுங்கள். புரோகிராம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வேலை செய்யும். யோசிக்க வேண்டிய இடங்களை மட்டும் குறிப்பில் எழுதினால் போதும்.

5. சேவ் செய்யும்போதுதான் புதியவர்கள் சிக்கிக்கொள்வார்கள். பைல் பெயர் ஸ்கில்.எம்டி, ஆங்கிலத்தில் ஸ்கில் என்பது பெரிய எழுத்துகளிலும் எம்டி என்பது சிறிய எழுத்துகளிலும் இருக்க வேண்டும். சேவ் டயலாக் பாக்ஸில் சேவ் ஆஸ் டைப் என்ற இடத்தில் ஆல் பைல்ஸ் என்பதையும், என்கோடிங் என்ற இடத்தில் யூ.டி.எப்.-8 என்பதையும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் பெயருக்குப் பின்னால் டாட் டி.எக்ஸ்.டி. என்று ஒட்டிவிடும், ஏஜண்ட்டுக்கு அந்தப் பைல் கண்ணிலேயே படாது. விண்டோஸ் 11-இல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஷோ என்பதற்குள் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்து வைத்தால் முழுப் பெயரும் தெரியும்.

நிறுவுவது எப்படி?

ஸ்கில்லை நிறுவ செட்டப் பைல் கிடையாது, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்ட வேண்டியதும் இல்லை. போல்டரைச் சரியான இடத்தில் காப்பி செய்தால் வேலை முடிந்தது.

விண்டோஸில் சி டிரைவில் யூசர்ஸ் என்ற போல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் ஒரு புள்ளியுடன் தொடங்கும் கிளாட் என்ற போல்டர் இருக்கும். அதற்குள் ஸ்கில்ஸ் என்ற போல்டர் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கி, உங்கள் ஸ்கில் போல்டரை அதில் போடுங்கள். இங்கே போட்டால் எந்த வேலைக்கும் அந்த ஸ்கில் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் போதும் என்றால், அந்த வேலையின் போல்டருக்குள் இதேபோல் புள்ளி கிளாட், அதற்குள் ஸ்கில்ஸ் என்று உருவாக்கி அங்கே போடுங்கள்.

பிறகு கிளாட் கோட்டை மூடித் திறந்து, "உன்னிடம் என்னென்ன ஸ்கில் இருக்கின்றன?" என்று கேளுங்கள். பட்டியலில் உங்கள் ஸ்கில் வந்தால் சரி. வராவிட்டால் பைல் பெயரையும் மூன்று சிறு கோடுகளையும் சரி பாருங்கள். இனி "இந்தப் பழைய பத்திரிகையை யூனிகோடாக மாற்று" என்று சொன்னாலே போதும். முன்சாய்வுக் கோடு போட்டு ஸ்கில்லின் பெயரை அடித்து நேரடியாகவும் கூப்பிடலாம். பெயரைச் சொன்னால் வேலை செய்கிறது, பொதுவாகக் கேட்டால் ஸ்கில்லை எடுப்பதில்லை என்றால் டிஸ்கிரிப்ஷன் போதவில்லை என்று அர்த்தம். மக்கள் வழக்கமாகக் கேட்கும் சொற்களை அதில் சேருங்கள்.

முதல் நாளே 3,000 பைலையும் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளி, மௌனம், இமெயில், ஸ்ரீ எல்லாம் உள்ள ஐந்து பைல்களை எடுத்துச் சோதியுங்கள். தப்பு வந்தால் ஏஜண்ட்டிடம் வாதாடுவதை விட ஸ்கில்லில் ஒரு வரி சேர்ப்பது மேல். அடுத்த முறையும் அது நினைவில் இருக்கும்.

பகிர்ந்து கொள்ளுங்கள்

ஸ்கில் வெறும் போல்டர் என்பதால் பகிர்வதும் சுலபம். ஜிப் செய்து இமெயிலிலோ பென் டிரைவிலோ கொடுக்கலாம். கிட்ஹப் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி அங்கே வைத்தால் உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் நீங்கள் செய்யும் திருத்தங்களும் தேதியோடு பதிவாகும். ஆந்த்ரோபிக் நிறுவனமே வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், பி.டி.எப். ஆகியவற்றைக் கையாளும் ஸ்கில்களைக் கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட ஸ்கில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் அவற்றைத் திறந்து படியுங்கள்.

வெளியே கொடுக்கும் முன் மூன்று வேலை இருக்கிறது. முதலாவது, மாதிரிக்காக வைத்த பைல்களில் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், முகவரி இருந்தால் நீக்குங்கள். பாஸ்வேர்டை ஸ்கில்லில் எழுதவே கூடாது. இரண்டாவது, யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பு ஒன்றைச் சேருங்கள். மூன்றாவது, யாருடைய அனுபவத்தை எழுதினீர்களோ அவரிடம் அனுமதி கேளுங்கள். எங்கள் அக்கா, "நாலு பேருக்குப் பயன்பட்டால் கொடுங்க தம்பி. ஆனால் யாராவது புது தப்பு கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லச் சொல்லுங்க" என்றார். பகிர்வதன் பொருளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அடுத்தவர் ஸ்கில்லை நிறுவும் முன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான ஸ்கில்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கட்டளையில் டவுண்லோடு செய்து நிறுவிவிடும் வசதிகளும் வந்துவிட்டன. ஆனால் ஸ்கில் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் கைவைக்கும் உரிமையுள்ள ஒருவருக்குக் கொடுக்கும் உத்தரவு. உத்தரவு எழுதியவர் யார் என்று தெரியாவிட்டால்?

இது புதிய கதை அல்ல. வேர்டில் மேக்ரோ என்ற வசதி உண்டு. அடிக்கடி செய்யும் வேலையைப் பதிவு செய்து, டாக்குமெண்ட்டோடு மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். நல்ல வசதிதான். 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ் அந்த வழியாகவே வந்தது. டாக்குமெண்ட்டைத் திறந்ததும் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. இன்டர்நெட்டிலிருந்து வரும் டாக்குமெண்ட்களின் மேக்ரோவை ஆபீஸ் புரோகிராம்கள் தாமாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 2022-இல்தான் கொண்டுவந்தது.

ஸ்கில்லுக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. 2026 தொடக்கத்தில் ஓப்பன்கிளா என்ற ஏஜண்ட் வேகமாகப் பரவியது. அதற்கான ஸ்கில்கள் கிளாஹப் என்ற தளத்தில் குவிந்தன. பிப்ரவரித் தொடக்கத்தில் கோய் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்தத் தளத்தை ஆராய்ந்து, 300-க்கும் மேற்பட்ட ஸ்கில்கள் கெட்ட நோக்கம் கொண்டவை என்று அறிவித்தது. பலவற்றின் தந்திரம் ஒன்றுதான்: "இந்த ஸ்கில் வேலை செய்ய முதலில் இந்தப் புரோகிராமை நிறுவ வேண்டும்" என்று ஒரு வரி. அதை நம்பி நிறுவினால் பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராம் உள்ளே நுழைந்துவிடும்.

பயந்து ஒதுங்க வேண்டாம். ஸ்கில்லில் ஒரு நன்மை என்னவென்றால், அது திறந்து படிக்கக்கூடியது. கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

முதலில் நோட்பேடில் திறந்து முழுவதும் படியுங்கள். இணையப் பக்கத்தில் அழகாகத் தெரிவதை மட்டும் பார்த்தால் போதாது. இந்த வகை டெக்ஸ்ட் பைலில் திரையில் தெரியாதபடி குறிப்பு எழுத வழி உண்டு. உங்கள் கண்ணுக்குப் படாத அந்த வரி ஏஜண்ட்டுக்குப் படும்.

வேலைக்குச் சம்பந்தமில்லாத வரி இருக்கிறதா? பான்ட் மாற்றும் ஸ்கில்லுக்கு உங்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எதற்கு? வெளித்தளம் ஒன்றுக்கு பைல் அனுப்புவது எதற்கு?

அலவ்ட் டூல்ஸ் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக ஏஜண்ட் ஒரு கட்டளையை இயக்கும் முன் உங்களிடம் அனுமதி கேட்கும். கிளாட் கோட்டில் இந்த வரியில் குறிப்பிட்டவற்றுக்கு அனுமதி கேட்காது. தேவை புரியாவிட்டால் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

கூடவே வரும் புரோகிராம் பைல்கள் புரியவில்லையா? நிறுவும் முன், புரோகிராமிங் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். படிக்க முடியாதபடி எழுத்துக் குவியலாக இருந்தால் நிறுவவே வேண்டாம்.

ஏஜண்ட் அனுமதி கேட்கும்போது எஸ், எஸ் என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். என்ன கேட்கிறது என்று படித்துவிட்டுத் தட்டுங்கள். புதிய ஸ்கில்லை முதல்முறை இயக்கும்போது, நகல் பைல்கள் மட்டும் உள்ள தனிப் போல்டரில் இயக்குங்கள். வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஏஜண்ட் படிக்கும் பைலில் உள்ளவை இன்டர்நெட் வழியே அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போகின்றன. அதனால் பேங்க் விவரம், ஆதார் நகல் போன்றவை இருக்கும் போல்டரை அதற்குக் காட்டாதீர்கள். வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுக்கும் முன் அவசியம்தானா என்று ஒருமுறை யோசியுங்கள்.

எதில் தொடங்கலாம்?

உங்கள் வீட்டிலோ கடையிலோ வாரம் ஒருமுறையாவது செய்யும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பால் கணக்கு, தறி வேலைக்கான கூலிப் பட்டியல், குடும்பப் புகைப்படங்களுக்குப் பெயர் வைப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த வேலையைப் புதிதாக வந்த ஒரு பையனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்களோ, அப்படியே பத்து வரி எழுதுங்கள். "இதில் வழக்கமாக எங்கே தப்பு வரும்?" என்று அந்த வேலையில் பழுத்தவரிடம் கேட்டு, அதற்கு மூன்று வரி சேருங்கள். அந்த மூன்று வரிதான் ஸ்கில்லின் உயிர். மற்றதெல்லாம் ஏஜண்ட்டுக்கே தெரியும்.

சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். ஏஜண்ட்கள் மாறலாம், இன்று பெயர் பெற்றவை நாளை இல்லாமலும் போகலாம். நோட்பேடில் திறக்கும் அந்தச் சிறு பைலை எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கும். நாளை கடைக்கு வேலைக்கு வரும் ஒரு பையனும் படிப்பான்.